கடை மூடுது, 40 சதவீதத் தள்ளுபடி: எதை அள்ளுவது, எதை விடுவது?

ரிவெட்வரிசை:

கோவையில் பிளாஸ்டிக் மாடல் கிட் விற்றுக்கொண்டிருந்த சின்னக் கடை ஒன்று இந்த மாதக் கடைசியோடு ஷட்டரை இறக்குகிறது. எல்லாச் சரக்குக்கும் 40 சதவீதத் தள்ளுபடி. 12,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். கட்டுவது பெரும்பாலும் 1/72 விமானம் (நிஜ அளவில் 72இல் ஒரு பங்கு), அவ்வப்போது 1/35 டாங்கி. 0.3 மிமீ நாசில் ஏர்பிரஷும் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) சின்ன கம்ப்ரஸரும் இருக்கின்றன.

கடையில் மிச்சம் இருப்பவை: தாமியா அக்ரிலிக் பெயின்ட் ஒரு முழு அடுக்கு (மூடிகளில் தூசி), வலேஹோ பெயின்ட் அரை அடுக்கு, ஹம்ப்ரால் எனாமல் டின்கள், தாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் (பிளாஸ்டிக் ஒட்டும் திரவம்) ஆறு பாட்டில், தாமியா பெயின்டை நீர்க்க வைக்கும் எக்ஸ்-20ஏ தின்னர், ஸ்ப்ரே கேன்கள், மாஸ்கிங் டேப், புட்டி ட்யூப், சூப்பர் க்ளூ, நாற்பது கிட் வரை, ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய டெகல் (மாடலில் ஒட்டும் எண், சின்னம் அச்சடித்த தாள்).

இதில் எதை முதலில் எடுப்பது, எதைத் தொடவே கூடாது? பழைய பெயின்ட் தேறுமா தேறாதா என்று மூடியைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது? இந்தச் சரக்கு தீர்ந்த பிறகு ஹார்டுவேர் கடையில் கிடைப்பதை வைத்து எவ்வளவு தூரம் ஓட்டலாம்? "ஆன்லைனில் வாங்கிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

எழுபத்திரண்டு:

கிட்டை விடுங்கள், பாட்டிலை அள்ளுங்கள்.

தள்ளுபடி என்றதும் கை பெட்டிப் பக்கம்தான் போகும். கிட் என்றைக்கு வேண்டுமானாலும் பார்சலில் வந்து சேரும். அச்சு இரும்பில் வெட்டியது; நாற்பது வருடத்துக்கு முந்தைய அச்சிலிருந்துகூடப் புதுப் பெட்டியில் மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது. சிமென்ட், லாக்கர் தின்னர், ஸ்ப்ரே கேன் அப்படி இல்லை. தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். தரைவழியாக மட்டுமே வர முடியும், அதையும் எடுக்கிற கூரியர் கம்மி. ஊர்க் கடையின் உண்மையான உபயோகமே அந்தப் பாட்டில் அடுக்குதான். அது போனபின்தான் தெரியும்.

பாதிப் பணத்தைத் திரவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா தின் (பச்சை மூடி, 40 மிலி) நான்கு. எக்ஸ்-20ஏ பெரிய பாட்டில் இருந்தால் இரண்டு. தாமியாவில் கறுப்பு எக்ஸ்எஃப்-1, வெள்ளை எக்ஸ்எஃப்-2 தலா மூன்று. மஞ்சள் எக்ஸ்எஃப்-3, சிவப்பு எக்ஸ்எஃப்-7, நீலம் எக்ஸ்எஃப்-8 தலா ஒன்று. பளபளப்பு கிளியர் எக்ஸ்-22 மூன்று. இந்த ஆறும் இருந்தால் ராணுவப் பச்சை, சாம்பல் எல்லாம் கலந்தே தயாரித்துக்கொள்ளலாம். எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸும் ஒன்று எடுங்கள், ஆனால் அது பெயின்ட் அல்ல, பளபளப்பைக் கொல்லும் பொடி கலந்த திரவம். அதைத் தனியாக அடித்தால் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெளுத்துவிடும். எக்ஸ்-22 பத்துப் பங்குக்கு ஒரு பங்கில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள். மூன்றுக்கு ஒன்றைத் தாண்டினால் வெளுப்பு வரும்.

மூடித் தூசிக்குப் பயப்பட வேண்டாம். தாமியா பாட்டில் கண்ணாடி என்பதால் வெளியிலிருந்தே சோதிக்கலாம். அதே நிறத்தில் நான்கைந்து பாட்டிலை வரிசையாக வைத்து மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருக்கும் பாட்டிலில் மூடி வழியாக ஆவி போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அடியில் தங்கிய நிறமி சேறு போல் வழுக்கி இறங்கினால் தேறும். மொத்தமும் ஒரே கட்டியாக, ஜெல்லி மாதிரி நகர்ந்தால் வைத்துவிடுங்கள். அது இனி எந்தத் தின்னருக்கும் மசியாது. தேறியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குலுக்காதீர்கள். பல்குத்தும் குச்சியால் அடியைச் சுரண்டிக் கலக்கி, ஏழெட்டுச் சொட்டு எக்ஸ்-20ஏ விட்டு, ஓர் இரவு வைத்து மறுபடி கலக்குங்கள். மூடி திறக்கவில்லை என்றால் மூடியை மட்டும் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்தால் போதும்.

வலேஹோ பாட்டில் பிளாஸ்டிக், உள்ளே தெரிவது கம்மி. காதருகே வைத்துக் குலுக்குங்கள். களக் களக் என்று சத்தம் வர வேண்டும். கெட்டியாகிப் போனதில் சத்தமே வராது. ஹம்ப்ரால் 14 மிலி டின்னுக்கு விளிம்பைப் பாருங்கள்: துருவோ நெளிவோ இல்லையென்றால் எனாமல் பல வருடம் நிற்கும். மேலே ஆடை கட்டியிருந்தாலும் அதைக் கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் கீழே நல்ல பெயின்ட் இருக்கும்.

சூப்பர் க்ளூவைத் தொடாதீர்கள். திறக்காத ட்யூபுக்கே ஆயுள் ஒரு வருடத்துக்குப் பக்கம், அதுவும் நம் ஊர் வெயிலில். புட்டி ட்யூபை அடியில் அழுத்திப் பார்த்து, கல்லாக இருந்தால் விடுங்கள். மாஸ்கிங் டேப்பைக் கேட்டு ஒரு விரற்கடை பிரித்துப் பாருங்கள். பக்கவாட்டில் கிழிந்தால் பசை காய்ந்துவிட்டது. ஸ்ப்ரே கேனைக் குலுக்கினால் உள்ளே குண்டு உருள வேண்டும், அடி வளையத்தில் துரு இருக்கக் கூடாது.

கிட் வாங்கியே தீர வேண்டுமென்றால் மூன்று, அதுவும் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்து. விளக்கத்தாளில் இருக்கும் படத்தோடு ஸ்ப்ரூக்களை (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்) எண்ணுங்கள். கண்ணாடி ஸ்ப்ரூவை முதலில். விமானமாக இருந்தால் உடற்பகுதி இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் வளைந்திருக்கிறது. வளைவு சின்னதென்றால் 60–70 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, குளிர்ந்த நீரில் முக்கினால் நேராகிவிடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பாலிஸ்டைரின் மொத்தமாக முறுக்கிக்கொள்ளும். டாங்கிக் கிட்டில் ரப்பர் மாதிரி இருக்கும் வினைல் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றும் பட்டை), உடல் பாகத்தின் மேல் படுத்துக் கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதில் இருக்கும் மென்மையாக்கி வருடக்கணக்கில் கசிந்து, தொட்ட இடத்தில் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கும்.

டெகல் பெட்டியைத்தான் விட்டுவிடாதீர்கள். கிட் திரும்ப வரும், தனியாக அச்சடித்த டெகல் தாள் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். மஞ்சளாகியிருந்தால் ஜிப் கவரில் போட்டு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், ஓரிரு வாரத்தில் வெளுக்கும். பயன்படுத்தும் முன் வேண்டாத ஒரு எண்ணையோ எழுத்தையோ வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகச் சிதறினால், மீதித் தாளுக்கு மெல்லியதாக இரண்டு கோட் பளபளப்பு கிளியர் அடித்து ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு தாள் முழுக்க ஒரே படலம் ஆகிவிடுவதால், ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தை ஒட்டித் தனியாக வெட்ட வேண்டும்.

வாட்டர்பேப்பர்1000:

மூன்றாவது கேள்விக்கு நான். ஹார்டுவேர் கடையை வைத்து ரொம்ப தூரம் ஓட்டலாம், இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

சிமென்ட். எக்ஸ்ட்ரா தின்னுக்குள் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். லேபுக்குச் சரக்குப் போடும் கெமிக்கல் கடையில் இரண்டும் அரை லிட்டர் பாட்டிலாகக் கிடைக்கும். சரிபாதி கலந்து, காலியான பச்சை மூடி பாட்டிலிலேயே ஊற்றுங்கள். அந்த மெல்லிய பிரஷ் வைத்த மூடி கிடைப்பதுதான் அரிது, அதைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். வெறும் அசிட்டோன் மட்டும் போதுமே என்று தோன்றும். போதாது. மூட்டின் இடுக்கில் பரவுவதற்குள் ஆவியாகிவிடும், தொட்ட இடம் வெள்ளையாகப் பொரிந்துபோகும். நெயில் பாலிஷ் ரிமூவரில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் போர்டு செய்பவர்கள் குளோரோஃபார்ம் ஊற்றி ஒட்டுவதைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டு வாங்காதீர்கள். ஒட்டும்தான். ஈரலுக்குக் கேடு, படுக்கையறை மேசையில் வைக்கிற பொருள் அல்ல.

சின்ன இடைவெளிக்குப் புட்டியே தேவையில்லை. அதே கிட்டின் ஸ்ப்ரூவை 3 மிமீ துண்டுகளாக நறுக்கி, சின்னக் கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு போட்டு, மூழ்கும் அளவு சிமென்ட் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தேன் பதத்தில் இருக்கும். கெட்டியாக இருந்தால் சிமென்ட், நீர்த்திருந்தால் இன்னும் நான்கு துண்டு. பல்குத்தும் குச்சியால் இடைவெளி மேல் கொஞ்சம் மேடாகத் தடவுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். மேற்பரப்பு இரண்டு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே கரைப்பான் சிக்கியிருக்கும். அன்றே தேய்த்து, அன்றே பெயின்ட் அடித்தால், பத்து நாள் கழித்து மூட்டு நெடுக ஒரு பள்ளக் கோடு விழும். குறைந்தது மூன்று நாள் விட்டுத் தேயுங்கள்.

பெரிய பள்ளத்துக்கு ஆட்டோ பெயின்ட் கடையில் "என்சி புட்டி" (நைட்ரோசெல்லுலோஸ் புட்டி) என்று கேளுங்கள். மெல்லிய கோட்டாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இரவு இடைவெளி விட்டு. ஒரேயடியாக அப்பினால் சுருங்கும், வெடிக்கும், கீழே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் இளக்கும். எம்-சீல் சுருங்காது, ஆனால் நயம் போதாது. கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள்.

தேய்க்கும் தாளுக்கு ஹாபி கடைக்கே போக வேண்டியதில்லை. ஆட்டோ பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 தலா இரண்டு தாள். ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தாளும் அடைத்துக்கொள்ளும், சூட்டில் பிளாஸ்டிக்கும் இழுபடும்.

கத்திக்கு சர்ஜிக்கல் கடை. 3ஆம் எண் கைப்பிடி, 11ஆம் எண் பிளேடு. 4ஆம் எண் கைப்பிடியைத் தந்தால் வாங்காதீர்கள், 11 அதில் சேராது. அங்கேயே ஊசியும் வாங்கிக்கொள்ளுங்கள்: 23 ஜி (கேஜ்) ஊசியின் வெளி விட்டம் 0.64 மிமீ, 1/72 கணக்கில் 46 மிமீ குழாய். 26 ஜி 0.46 மிமீ, அதாவது 33 மிமீ. துப்பாக்கிக் குழலுக்கும் பிட்டோ குழாய்க்கும் (விமான வேகம் அளக்க வெளியே நீட்டியிருப்பது) கிட்டில் வரும் பிளாஸ்டிக் குச்சியை விட எவ்வளவோ மேல். வெட்டும்போது இடுக்கியால் நறுக்கினால் வாய் நசுங்கும். முக்கோண அரத்தால் சுற்றிக் கீறி ஒடியுங்கள். சின்ன ட்ரில் பிட்டுக்கு சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) பிட் 0.3 மிமீயிலிருந்து கிடைக்கும். அவை கார்பைடு என்பதால் கையால் சுழற்றும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் டக்கென்று ஒடியும். எச்எஸ்எஸ் (எஃகு) பிட் இருந்தால் அதையே கேளுங்கள். பிசிபி துடைக்க விற்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் அங்கே உண்டு. தாமியா அக்ரிலிக்கை நீர்க்க வைக்க எக்ஸ்-20ஏவுக்கு அடுத்தபடி அதுதான். ஒரு பங்கு பெயின்ட், ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு ஆல்கஹால், 15–20 பிஎஸ்ஐ, 8–10 செமீ தூரம்.

காக்பிட் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள், அதன் ஆவி படிந்து பனி பிடித்த மாதிரி வெளுத்துவிடும். ஃபெவிகாலை நுனிப் பிரஷால் விளிம்பில் மட்டும் தடவி, வழிந்ததை ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று, ஹார்டுவேர் கடை என்றதும் ஞாபகம் வருவது. மூக்குச் சக்கர விமானங்களுக்கு முன்பக்கம் எடை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாலில் உட்காரும். மீன் தூண்டில் ஈயக்குண்டை ஃபெவிகாலில் புதைத்து வைக்கிறார்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும், அது உப்பி, சில வருடத்தில் மூக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சைக்கிள் கடை பேரிங் குண்டு போடுங்கள், எபாக்ஸியில்.

தேம்ஸ்கரை:

கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை இது, ஆனா "ஆன்லைன் வந்துதான் கடையள் செத்தது" எண்டு மேலோட்டமாச் சொல்லுறதுக்கு ஒரு மறுப்பு.

பிரிட்டனை எடுத்துப் பாருங்கோ. ஏர்ஃபிக்ஸ் எண்ட கிட் கம்பனி தன்ர முதல் விமானக் கிட்டை, ஸ்பிட்ஃபயரை, 1953இல விட்டது. வித்தது ஹாபிக் கடையில இல்லை. வுல்வொர்த்ஸில, 2 ஷில்லிங்குக்கு. சவுக்காரமும் இனிப்பும் வாங்க வந்த இடத்தில பிள்ளையள் கைக்காசுக்கு எடுத்துக்கொண்டு போன சாமான் அது. அந்தப் பழக்கத்திலதான் பின்னால ஹாபிக் கடையளுக்கு வாடிக்கை வந்தது. கிட் விலை கைக்காசை விட்டு மேல போக, வாங்கிறவரின்ர வயதும் மேல போச்சுது. 2006இல ஏர்ஃபிக்ஸே நொடிஞ்சு, ஹார்ன்பி எண்ட ரயில் மொடல் கம்பனி அதை வாங்கினது. வுல்வொர்த்ஸ் தன்ர 807 கடையளையும் 2009 ஜனவரி 6ஆம் திகதிக்குள்ள பூட்டினது. மொடல்சோன் எண்ட ஹாபிக் கடைத்தொடர் 2013இல, 47 கிளையோட. சரி, இதெல்லாம் தெருக்கடை. ரயில் மொடல் விக்கிற ஹாட்டன்ஸ், 1946இல லிவர்பூலில தொடங்கினது, பிறகு பெரும்பாலும் இணையத்திலதான் வியாபாரம் செய்தது. அதுவும் 2024இல மூடுறதா அறிவிச்சது. இணையம் மட்டும் காரணம் எண்டா இணையக் கடை ஏன் பூட்ட வேணும்?

கடைக்காரரைக் கொல்லுறது அலுமாரியில தூங்குற காசு. சும்மா ஒரு உத்தேசக் கணக்குப் போடுவம். பெயின்ட் அடுக்கில 150 நிறம், நிறத்துக்கு 6 போத்தல், 900 போத்தல். ஒண்டு கொள்முதல் 250 ரூபாய் எண்டு வையுங்கோ, 2,25,000 ரூபாய். இதில கறுப்பு, வெள்ளை, கிளியர், தின்னர், நாலைஞ்சு பச்சை சாம்பல்தான் ஓடும். மிச்சம் 140 நிறமும் மாசத்துக்கு ஒண்டு போனாப் பெரிசு. ஆனா அந்த 140 இல்லாட்டி "இந்தக் கடையில ஒண்டும் இல்லை" எண்டு ஆக்கள் திரும்பிப் போயிடுவினம். கறுப்பு முடிஞ்சா மொத்த வியாபாரி ஒரு பெட்டிக்குக் குறைய அனுப்ப மாட்டார். அப்ப கறுப்பும் இல்லாத நாள் வரும். வாடிக்கை உடையுறது அண்டைக்குத்தான்.

மூடுற கடைக்காரரிட்ட ஒண்டு கேளுங்கோ: அவரின்ர மொத்த வியாபாரியின்ர விலாசம். தள்ளுபடியை விட அது பெறுமதி. நாலைஞ்சு பேர் சேர்ந்தா அந்த ஒரு பெட்டி நிறையும்.

சுங்கக்கணக்கு:

மேலே சொன்னது பிரிட்டன். இந்தியக் கடைகளுக்கு இன்னொரு அடியும் உண்டு. சுங்கத் தலைப்பு 9503இல் பொம்மை, மூன்று சக்கர வண்டி, புதிர் எல்லாவற்றோடும் "அளவு குறைத்த மாதிரிகள்" என்று நம் சரக்கும் ஒரே வரியில் இருக்கிறது. பெட்டியில் 14+ என்று அச்சடித்திருந்தால் என்ன, தலைப்பு ஒன்றுதான். அதற்கு அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. இது போக ஜிஎஸ்டி. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம். அந்த உரிமத்தை வெளிநாட்டுத் தொழிற்சாலைதான் வாங்க வேண்டும். வருடத்துக்கு முந்நூறு பெட்டி எடுக்கிற கடைக்காரருக்காக எந்தத் தொழிற்சாலை வாங்கும்? "மாடல் பொம்மை அல்ல" என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாடி முடிக்கும்வரை சரக்கு கிடங்கில் இருக்கும், கிடங்கு வாடகையும் ஏறும். பெரிய இறக்குமதியாளர் தாங்குவார். சின்னக் கடை தாங்காது.

ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் பக்கவாட்டில் "மேட் இன் இந்தியா" என்று இருக்கும். இங்கே வார்த்து, அங்கே போய், திரும்ப இங்கே வரும்போது இறக்குமதிச் சரக்கு.

தனி ஆளாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சொந்த உபயோகம் என்ற 9804 தலைப்பில் வரும். அதன் விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடும் விஷயம்: வரி பொருள் விலைக்கு மட்டும் இல்லை. பொருள், அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு.  ஆகவே நாலு பேர் ஒரே பார்சலில் சேர்வது லாபம்தான், ஆனால் ஒரே கிட் ஆறு இருந்தால் வியாபாரம் என்று நிறுத்துவார்கள். ஆளுக்கு ஒரு வகையாகப் போடுங்கள். உறவினரை "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். 2019 டிசம்பரிலேயே அந்த வழி அடைத்தாகிவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு ஸ்பிட்ஃபயரைக் கட்டி அனுப்ப முடியாது.

பெயின்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்கவே வேண்டாம். எழுபத்திரண்டு சொன்ன காரணம்தான். நீர் கலந்த அக்ரிலிக் மட்டும் சில சமயம் தப்பி வரும்.

ரிவெட்வரிசை:

எல்லாருக்கும் நன்றி. எடுத்தவை: எக்ஸ்ட்ரா தின் 4, எக்ஸ்-20ஏ 2, தாமியா 19 (கவிழ்த்துப் பார்த்ததில் 11 ஜெல்லி, வைத்துவிட்டேன்), ஹம்ப்ரால் 8, டெகல் பெட்டி முழுசாக, கிட் இரண்டு. மொத்த வியாபாரி முகவரியும் கிடைத்தது. சூப்பர் க்ளூ வாங்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். எக்ஸ்-20ஏவை மிச்சப்படுத்தலாம் என்று எக்ஸ்எஃப்-1இல் ஹார்டுவேர் கடை என்சி தின்னரைக் கலந்து ஒரு பழைய இறக்கையில் அடித்தேன். மழை நாள். கறுப்பு, சாம்பல் பூத்து வந்திருக்கிறது. இன்னொரு இடத்தில் பிளாஸ்டிக் மேற்பரப்பே ஆரஞ்சுத் தோல் மாதிரி. பெயின்ட் கெட்டதா, தின்னரா?

வாட்டர்பேப்பர்1000:

பெயின்ட் நல்லது. இரண்டும் இரண்டு கோளாறு.

சாம்பல் பூத்தது ஈரம். மலிவான என்சி தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். மழை நாள் காற்றில் இருக்கும் நீர் அதன் மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வெயில் நாளில் அதே கலவையை அடித்தால் வராது. கம்ப்ரஸரில் தண்ணீர் வடிகட்டி இருந்தால் அதையும் திறந்து வடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை. பூத்த இடத்தின் மேல் எக்ஸ்-20ஏ மட்டும் மெல்லிய தூவலாக ஒருமுறை அடித்தால் படலம் கொஞ்சம் இளகி, மாட்டிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் கறுப்பு திரும்பும்.

ஆரஞ்சுத் தோல் தின்னரின் வேலை. அதில் டொலுவீன், கீட்டோன் எல்லாம் கடைக்குக் கடை ஒவ்வொரு விகிதத்தில் இருக்கும். ஈரமாக அடித்தால் பாலிஸ்டைரினைக் கடிக்கும். அந்த இடத்தை 600, 1000 என்று தேய்த்துச் சமன் செய்வதைத் தவிர வழியில்லை. என்சி தின்னரை ஏர்பிரஷ் கழுவ மட்டும் வையுங்கள். கழுவும்போதும் ரப்பர் ஓ-ரிங்குகளைக் கழற்றிவிட்டு. ஊறினால் உப்பி, ட்ரிகர் இறுகும். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, கரி கார்ட்ரிட்ஜ் வைத்தது வேண்டும். அடிக்கிற அறையில் சாமி விளக்கு எரியக் கூடாது.

புதுத் தின்னர், புது ஸ்ப்ரே எது வாங்கினாலும் முதலில் அந்தக் கிட்டின் ஸ்ப்ரூவில் இருக்கும் எண் பட்டையில் அடித்து ஓர் இரவு பாருங்கள். நகத்தால் சுரண்டும்போது எண்ணின் விளிம்பு மழுங்கியிருந்தால் அது கடிக்கிற சரக்கு.

எழுபத்திரண்டு:

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பற்றி ஒரு வரி விடுபட்டுவிட்டது. அது தாமியாவுக்கு மட்டும். வலேஹோவில் ஒரு சொட்டு விட்டாலும் தயிர் மாதிரி திரிந்து நாசிலை அடைத்துவிடும். வலேஹோ அடித்த பின் ஏர்பிரஷ் கோப்பையை முதலில் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் ஆல்கஹால். வரிசை மாறினால் நாசிலைக் கழற்றி ஊசியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். 0.3 நாசிலைக் கழற்றும்போது அதிகம் முறுக்கினால் மரை உள்ளேயே ஒடிந்து நிற்கும். கடை இன்னும் திறந்திருந்தால் போய் நாசில் இரண்டு, ஊசி ஒன்று கேளுங்கள். லிஸ்ட்டில் அதைக் காணோமே.

ரிவெட்வரிசை:

கேட்டேன். நாசில் ஒன்றுதான் மிச்சம், 0.2. என் ஏர்பிரஷ் உடலில் அதன் மரை சேருகிறது, ஆனால் 0.3 ஊசி முழுசாக உள்ளே போகவில்லை. 0.2 ஊசி இல்லாமல் இதை வாங்கிப் பிரயோஜனம் உண்டா?

எழுபத்திரண்டு:

இல்லை. நாசிலும் ஊசியும் ஜோடி. 0.3 ஊசியை 0.2 நாசிலில் தள்ளினால் வாய் விரிந்து கீறும், அப்புறம் காற்றை விட்டவுடன் பெயின்ட் தானாகத் துப்பும். விட்டுவிடுங்கள்.

அந்த மொத்த வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள், 0.3 நாசில் பத்து உள்ள பாக்கெட்டாகத் தருவாரா என்று. தந்தால் எனக்கு மூன்று.

வாட்டர்பேப்பர்1000:

எனக்கு இரண்டு. அப்படியே எக்ஸ்எஃப்-1 ஒரு பெட்டி எவ்வளவு என்றும்.